எழ மறுத்த கணினி

நுழையும்முன்

எழுத்தும் ஒலியும் படமும் இன்று கணினிக்குள் குடியேறிவிட்டன. ஓலைச்சுவடியைக் கரையான் அரித்தது. தாளை ஈரம் சிதைத்தது. கணினியில் சேமித்ததையோ ஒரு மின்தடையும் அதன்பின் எடுக்கும் ஓர் அவசர முடிவும் சேர்ந்து அழித்துவிடக்கூடும். பழுதைக் கண்டு அஞ்சாமல், அது எந்த இடத்தில் நேர்ந்தது என்று படிப்படியாக ஆராய்பவரே இழப்பைத் தவிர்க்கிறார். புதுப்பிப்பு பாதியில் நின்றதால் இயங்க மறுத்த லினக்ஸ் கணினி ஒன்றை மீட்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மழைநாள் மாலை

சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் கணினி ஆய்வகத்தை மனக்கண்ணில் காண்போம். அப்பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவர்கள் ஓராண்டாகத் தம் ஊர் முதியோரைச் சந்தித்து, தாலாட்டு, நடவுப்பாட்டு, ஒப்பாரி எனப் பல பாடல்களை ஒலிப்பதிவு செய்திருந்தனர். பதிவுகள் யாவும் ஆய்வகத்தின் மூலையிலிருந்த ஒரே கணினியில் சேமிக்கப்பட்டிருந்தன. பாடிக்கொடுத்தவர்களுள் ஒரு மூதாட்டி சென்ற மாதம் மறைந்துவிட்டார். அவர் குரல் இவ்வுலகில் எஞ்சியிருந்தது அந்த வன்தட்டில் மட்டுமே.

அன்று மாலை அக்கணினியில் மென்பொருள் புதுப்பிப்பு நடந்துகொண்டிருந்தது. வெளியே மழை வலுத்தது, மின்சாரம் நின்றது. நெடுநாள் பழகிய யு.பி.எஸ். மின்கலமும் கைவிட்டது. திரை அணைந்தது. மின்சாரம் திரும்பியபின் கணினியை இயக்கினர். உற்பத்தியாளரின் சின்னம் தோன்றியது. பின்னர்க் கருந்திரையில் வெண்ணிற எழுத்துகள் சில வரிகள் ஓடி நின்றன. அதற்குமேல் ஒன்றும் நிகழவில்லை.

“இயங்குதளத்தை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவினால் அரைமணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்” என்றார் உதவிக்கு வந்த ஒருவர்.

“அழித்தால் பாட்டியின் பாட்டு என்னாகும் அம்மா?” என்று கணினி ஆசிரியையிடம் கேட்டாள் ஒரு மாணவி.

ஆசிரியை சற்று நேரம் திரையையே நோக்கினார். “அழிப்பதற்கு எப்போதும் நேரம் இருக்கிறது. முதலில் என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். திரையில் உள்ள கடைசி வரியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்” என்றார்.

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் மீட்பு தொடங்கியது. அதைப் புரிந்துகொள்ள, கணினி எவ்வாறு எழுகிறது என்பதை முதலில் அறியவேண்டும்.

கணினி எழும் முறை

பொத்தானை அழுத்தியதும் கணினி ஒரே தாவலில் எழுந்துவிடுவதில்லை. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு விளக்கு மாறுவதைப்போல, ஐந்து நிலைகளில் பொறுப்பு கைமாறுகிறது.

முதல் நிலை நிலைபொருள். தாய்ப்பலகையில் பதிந்துள்ள இச்சிறு மென்பொருள் பழைய கணினிகளில் பயாஸ் என்றும் புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்றும் அழைக்கப்படும். நினைவகம், விசைப்பலகை, வன்தட்டு ஆகியன உள்ளனவா என்று இது சோதிக்கிறது. பின்னர்த் தொடக்க ஏற்றியைத் தேடி அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது.

இரண்டாம் நிலை தொடக்க ஏற்றி. பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் க்ரப் என்னும் ஏற்றி இப்பணியைச் செய்கிறது. எந்த இயங்குதளத்தை, எந்தக் கருநிரலைத் தொடங்குவது என்னும் பட்டியல் இதனிடம் உண்டு.

மூன்றாம் நிலை கருநிரல். கெர்னல் எனப்படும் இதுவே இயங்குதளத்தின் உயிர்ப்பகுதி. வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடையே நின்று ஆள்வது. கருநிரலுடன் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் தொடக்கக் கோப்பு ஒன்றும் நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. வன்தட்டைப் படிக்கத் தேவையான இயக்கிகள் இக்கோப்பில் கட்டிவைக்கப்பட்டிருக்கும். வீட்டின் சாவி வீட்டுக்குள்ளேயே இருந்தால் கதவைத் திறப்பது எப்படி? அதனால் சாவியை வெளியே எடுத்துவைக்கும் ஏற்பாடே இந்தத் தொடக்கக் கோப்பு.

நான்காம் நிலை வேர்ப்பகுதியை இணைத்தல். தொடக்கக் கோப்பின் உதவியால் கருநிரல் வன்தட்டிலுள்ள முதன்மைக் கோப்பு முறைமையைத் திறக்கிறது.

ஐந்தாம் நிலை சேவைகள். சிஸ்டம்டி போன்ற முதல் நிரல் இயங்கத் தொடங்கி, வலையமைப்பு, ஒலி, வரைகலைத் திரை ஆகிய சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறது. இறுதியில் கடவுச்சொல் கேட்கும் திரை தோன்றுகிறது.

இவ்வைந்து நிலைகளுள் எதுவரை கணினி வந்தது என்று கண்டறிந்தால், பழுது எந்த இடத்தில் உள்ளது என்பதும் விளங்கிவிடும். ஆசிரியை கடைசி வரியை எழுதச் சொன்னதன் காரணம் இதுவே.

தெரியுமா?

பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டு லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். அதனை அடிப்படையாகக் கொண்டு டெபியன் வழங்கல் 1993இலும், டெபியனை அடியொற்றி உபுண்டு வழங்கல் 2004இலும் தோன்றின. இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழிவந்ததே. அதன் உருவாக்கத்தில் சி-டாக்கின் சென்னை மையம் பெரும்பங்கு வகித்தது.

புதுப்பிப்பு நிகழும் முறை

டெபியன் வழிவந்த லினக்ஸில் மென்பொருள்கள் பொதிகளாக வருகின்றன. ஒரு பொதியைப் புதுப்பிக்கும்போது மூன்று செயல்கள் நடைபெறுகின்றன: பதிவிறக்குதல், பிரித்து வைத்தல், அமைவாக்கம் செய்தல்.

பதிவிறக்கும்போது மின்சாரம் நின்றால் பெருங்கேடு ஒன்றும் இல்லை. பழைய மென்பொருள் தீண்டப்படாமல் இருக்கும். குறையாக வந்த பொதியை மீண்டும் இறக்கிக்கொள்ளலாம். பிரித்து வைக்கும்போதோ அமைவாக்கம் நடக்கும்போதோ தடை நேர்ந்தால்தான் சிக்கல். பழைய கோப்புகள் சில நீங்கியிருக்கும். புதியவை சில வந்திருக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாமல் நிற்கும். புது வீட்டுக்குப் பாத்திரங்கள் போய்ச் சேர்ந்து, அடுப்பு மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிட்ட குடும்பத்தின் நிலை இது. இரு வீட்டிலும் அன்று சமையல் நடவாது.

எனினும் ஒரு நற்செய்தி உண்டு. பொதிகளைக் கையாளும் டிபிகேஜி என்னும் கருவி, ஒவ்வொரு பொதியும் எந்நிலையில் உள்ளது என்பதை ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டே வருகிறது. ‘பிரிக்கப்பட்டது’, ‘பாதி அமைந்தது’, ‘நிறுவப்பட்டது’ என்பன போன்ற குறிப்புகள் அதில் இருக்கும். மின்சாரம் நின்றாலும் இப்பதிவேடு வன்தட்டில் தங்கியிருக்கும். ஆகவே பணி எங்கே நின்றதோ அங்கிருந்து தொடரச் செய்ய முடியும். பாதியில் நின்ற வேலையை முடித்து வைத்தலே இங்குப் பழுதுநீக்கம். எல்லாவற்றையும் இடித்துவிட்டு மீண்டும் கட்டுதல் அன்று.

கருநிரலே புதுப்பிக்கப்படும்போது மேலும் இரு பணிகள் சேர்கின்றன. புதிய கருநிரலுக்குரிய தொடக்கக் கோப்பு உருவாக்கப்படவேண்டும். க்ரப்பின் பட்டியலும் திருத்தி எழுதப்படவேண்டும். இவை நிறைவேறுமுன் தடை ஏற்பட்டால், புதிய கருநிரல் சாவியில்லாத வீட்டுக்காரரைப்போல வன்தட்டின் வாயிலில் நின்றுவிடும். பெரும்பாலான வழங்கல்கள் புதிய கருநிரலை நிறுவும்போது பழைய கருநிரலை உடனே நீக்குவதில்லை. மீட்புக்கு வழி திறப்பது இந்த ஏற்பாடே.

அறிகுறியும் பொருளும்

பழுதுற்ற கணினியின் திரை காட்டும் குறிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

1. திரையில் எதுவுமே இல்லை. உற்பத்தியாளரின் சின்னமும் தோன்றவில்லை. இது பெரும்பாலும் வன்பொருள் அல்லது மின்னிணைப்புச் சிக்கல். வடங்களையும் நினைவகப் பலகையையும் முதலில் சோதிக்கவேண்டும்.

2. ‘க்ரப் ரெஸ்கியூ’ என்னும் சொல்லுடன் திரை நிற்கிறது. தொடக்க ஏற்றி தனக்குரிய கோப்புகளைக் காணவில்லை என்பது பொருள். விரலியிலிருந்து கணினியைத் தொடங்கி, க்ரப்பை மீண்டும் நிறுவவேண்டும்.

3. ‘கெர்னல் பேனிக்’ என்று தோன்றி, வேர்க் கோப்பு முறைமையை இணைக்க இயலவில்லை என்று கூறுகிறது. புதிய கருநிரலின் தொடக்கக் கோப்பு இல்லாமலோ குறையாகவோ இருக்கக்கூடும். பழைய கருநிரலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கவேண்டும்.

4. ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சொல்லுடன் கட்டளைக்காகக் காத்திருக்கிறது. வன்தட்டின் கோப்பு முறைமையில் பிழை இருக்கலாம். அல்லது வேர்ப்பகுதி கிடைக்காமல் போயிருக்கலாம். எஃப்எஸ்சிகே என்னும் சரிபார்ப்புக் கட்டளை தேவைப்படலாம்.

5. எழுத்துகள் ஓடி முடிகின்றன. கடவுச்சொல் கேட்கும் திரை மட்டும் வரவில்லை. கருநிரல் எழுந்துவிட்டது, சேவைகளோ வரைகலை இயக்கியோ முழுமையடையவில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய விசைகளை ஒருசேர அழுத்தினால் எழுத்துவடிவ முனையம் கிடைக்கக்கூடும். அங்கிருந்தே புதுப்பிப்பை முடிக்கலாம்.

நம் பள்ளி மாணவி எழுதிவைத்த கடைசி வரி மூன்றாம் வகையைச் சார்ந்ததாக இருந்தது.

மீட்டெடுத்தல்

முதற்படி: காத்தல்

பழுதை நீக்குமுன் பதிவுகளைக் காப்பாற்றவேண்டும். ஆசிரியை, நிறுவாமலேயே இயங்கும் லினக்ஸ் ஒன்றை வேறொரு கணினியின் உதவியால் விரலியில் ஏற்றினார். அவ்விரலியிலிருந்து பழுதான கணினியைத் தொடங்கினார். தொடக்கத் திரையில் ‘நிறுவுக’ என்பதைத் தவிர்த்து, ‘நிறுவாமல் பயன்படுத்துக’ என்பதையே தேர்ந்தெடுத்தார். வன்தட்டின் பகுதி, படிப்பதற்கு மட்டுமே என்னும் முறையில் இணைக்கப்பட்டது. பாடல் கோப்புறை அங்கே இருந்தது. அதை வெளி வன்தட்டு ஒன்றுக்கு நகலெடுத்து, சில பதிவுகளை இயக்கிக் கேட்டபின்னரே அடுத்த படிக்குச் சென்றார். நகல் எடுத்தேன் என்பது போதாது. நகல் திறக்கிறது என்பதே சான்று.

இரண்டாம்படி: நுழைதல்

விரலியை எடுத்துவிட்டுக் கணினியை மீண்டும் இயக்கினர். க்ரப் பட்டியல் தானாகத் தோன்றாத கணினிகளில், பயாஸ் வகையாயின் ஷிஃப்ட் விசையையும் யு.இ.எஃப்.ஐ. வகையாயின் எஸ்கேப் விசையையும் தொடக்கத்திலேயே அழுத்தவேண்டும். பட்டியலில் ‘மேம்பட்ட தெரிவுகள்’ என்னும் வரியைத் தெரிவுசெய்தால், நிறுவப்பட்டுள்ள கருநிரல்கள் பதிப்பு எண்களுடன் வரிசையாகத் தெரியும். முதலில் இருந்தது புதியது, அடுத்திருந்தது பழையது. பழையதைத் தெரிவுசெய்ததும் கணினி எழுந்தது. கடவுச்சொல் கேட்கும் திரையைக் கண்டதும் மாணவர்கள் கைதட்டினர். “இன்னும் முடியவில்லை” என்று ஆசிரியை கையமர்த்தினார்.

பழைய கருநிரலும் எழாவிட்டால் அதே பட்டியலிலுள்ள மீட்பு முறையைத் தேர்ந்தெடுக்கலாம். அம்முறையில் வேர்ப்பகுதி சில வேளைகளில் படிக்க மட்டுமே இயலும் நிலையில் திறக்கப்பட்டிருக்கும். திருத்தம் செய்யுமுன் அதை எழுதக்கூடிய நிலைக்கு மாற்றவேண்டும். அதுவும் பயன்தராவிட்டால், விரலியிலிருந்து தொடங்கி, வன்தட்டின் வேர்ப்பகுதியை இணைத்து, சிஎச்ரூட் என்னும் கட்டளையால் அதனுள் நுழையலாம். இயங்குவது விரலியின் கருநிரல். திருத்தப்படுவது வன்தட்டிலுள்ள இயங்குதளம். மயக்கமுற்றவருக்கு வெளியிலிருந்து மருத்துவர் சிகிச்சை அளிப்பதை இது ஒக்கும்.

மூன்றாம்படி: முடித்தல்

முனையத்தைத் திறந்து, நிர்வாகியின் உரிமையுடன் நான்கு பணிகளை ஆசிரியை வரிசையாகச் செய்தார்.

முதலாவது, தொடக்கக் கோப்புகள் இருக்கும் பூட் பகுதியில் போதிய இடம் உள்ளதா என்று பார்த்தார். இடம் நிரம்பியிருந்தால் புதிய தொடக்கக் கோப்பு எழுதப்படாது. அதே பழுது மீண்டும் வரும். இடம் இருந்தது.

இரண்டாவது, டிபிகேஜி கருவியைக் கொண்டு பாதியில் நின்ற பொதிகள் அனைத்தின் அமைவாக்கத்தையும் தொடரச் செய்தார். பதிவேட்டைப் படித்து, விட்ட இடத்திலிருந்து அது பணியை மேற்கொண்டது.

மூன்றாவது, ஏபிடி கருவியின் பழுதுநீக்கும் தெரிவைப் பயன்படுத்தி, ஒன்றையொன்று சார்ந்த பொதிகளுள் விடுபட்டவற்றை நிறைவுசெய்தார். இதற்கு இணைய இணைப்புத் தேவைப்பட்டது.

நான்காவது, புதிய கருநிரலுக்குரிய தொடக்கக் கோப்பை மீண்டும் உருவாக்கச் செய்து, க்ரப் பட்டியலையும் புதுப்பித்தார்.

இவ்வரிசையை மாற்றலாகாது. இடமின்றி எழுத முயன்றாலும், பொதிகள் அமையுமுன் பட்டியலைத் திருத்தினாலும் உழைப்பு வீணாகும்.

நான்காம்படி: சரிபார்த்தல்

கணினியை மறுதொடக்கம் செய்தனர். இம்முறை எதையும் தேர்ந்தெடுக்கவில்லை; அதுவே புதிய கருநிரலுடன் எழுந்தது. இயங்கும் கருநிரலின் பதிப்பு எண்ணைக் கேட்டு உறுதிசெய்தனர். புதுப்பிப்புக் கட்டளையை மீண்டும் ஒருமுறை கொடுத்து, நிலுவை எதுவும் இல்லை என்பதையும் கண்டனர். பழைய கருநிரலை மட்டும் ஆசிரியை நீக்கவில்லை. அன்று அவர்களுக்குக் கதவு திறந்தது அதுவன்றோ!

செய்யலாகாதவை

பதற்றத்தில் செய்யும் செயல்களே பல வேளைகளில் முதற்பழுதைவிடப் பெருங்கேட்டை விளைவிக்கின்றன. எழாத கணினியை மீண்டும் மீண்டும் அணைத்து இயக்குதல் கூடாது. பயன்பாட்டிலுள்ள கோப்பு முறைமையின்மீது எஃப்எஸ்சிகே கட்டளையை இயக்குதல் கூடாது. அது இணைப்பு நீக்கப்பட்ட பகுதிக்கே உரியது. புதுப்பிப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கும்போது அதன் பூட்டுக் கோப்பை நீக்குதல் கூடாது. இரு கைகள் ஒரே பதிவேட்டில் ஒரே நேரத்தில் எழுதினால் பதிவேடே சிதையும். பொருள் விளங்காத கட்டளையை எங்கிருந்தோ எடுத்து நிர்வாகியின் உரிமையுடன் இயக்குதல் எல்லாவற்றினும் தீது. ஒவ்வொரு கட்டளையின் விளக்கமும் பெரும்பாலும் கணினியிலேயே மேன் என்னும் கையேட்டில் உள்ளது. படித்தபின் இயக்குக.

வருமுன் காத்தல்

பழுதுநீக்கும் திறன் சிறந்தது. பழுது நேராமல் காப்பது அதனினும் சிறந்தது. புதுப்பிக்குமுன் மடிக்கணினியாயின் மின்னேற்றியை இணைத்துவிடவேண்டும், மேசைக்கணினியாயின் யு.பி.எஸ். மின்கலம் உழைக்கிறதா என்று சோதிக்கவேண்டும். இடியும் மழையும் உள்ள மாலை புதுப்பிப்புக்கு உரிய வேளையன்று. பயனர் கோப்புகளை இயங்குதளத்திலிருந்து பிரித்துத் தனிப்பகுதியில் வைப்பது நன்று. மீட்புக்குரிய விரலி ஒன்றை நல்லநாளிலேயே ஆயத்தம் செய்துவைக்கவேண்டும். இவை அனைத்தினும் முதன்மையானது, அரிய கோப்புகளுக்குக் குறைந்தது இரண்டு நகல்களாவது வெவ்வேறு இடங்களில் இருக்கவேண்டும் என்பது. ஒரே இடத்தில் உள்ள ஒன்றைச் சேமித்ததாகக் கொள்ள இயலாது.

அன்று இரவு ஆய்வகத்தைப் பூட்டுமுன் அம்மாணவி ஒரு பதிவை இயக்கினாள். மூதாட்டியின் தாலாட்டு ஒலித்தது. பாட்டின் நடுவே அவர் இருமியதும், “இரு கண்ணு, அடி மறந்துபோச்சு” என்று சொன்னதும்கூட அப்படியே இருந்தன. மறுநாள் மாணவர்கள் இரண்டு நகல்களை உருவாக்கினர். ஒன்று பள்ளி நூலகத்தில் வைக்கப்பட்டது. மற்றொன்று மூதாட்டியின் மகள் வீட்டுக்குச் சென்றது.

கலைச்சொல் அறிவோம்

இயங்குதளம் – ஆபரேட்டிங் சிஸ்டம்
கருநிரல் – கெர்னல்
நிலைபொருள் – ஃபர்ம்வேர்
தொடக்க ஏற்றி – பூட் லோடர்
பொதி – பேக்கேஜ்
அமைவாக்கம் – கன்ஃபிகரேஷன்
முனையம் – டெர்மினல்
விரலி – பென் டிரைவ்
வன்தட்டு – ஹார்ட் டிஸ்க்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர் முதியோர் ஒருவரின் பாடலையோ கதையையோ ஒலிப்பதிவு செய்து, அதன் நகல்களை எங்கெங்கே வைப்பீர்கள் என்பதை எழுதுக.
2. பள்ளிக் கணினி ஆய்வகத்தில், ஆசிரியரின் துணையுடன் கணினி ஒன்று எழும் ஐந்து நிலைகளை உற்றுநோக்கிக் குறிப்பு எடுக்க.
3. வீட்டில் பழுதான ஒரு பொருளை (மிதிவண்டி, மின்விசிறி போன்றவை) படிப்படியாக ஆராய்ந்து சரிசெய்த அனுபவத்தை வகுப்பில் பகிர்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. வன்தட்டைப் படிக்கத் தேவையான இயக்கிகளைக் கொண்டிருப்பது
அ) நிலைபொருள் ஆ) தொடக்கக் கோப்பு இ) க்ரப் பட்டியல் ஈ) முனையம்

2. புதுப்பிப்பில் மின்தடை நேர்ந்தாலும் பெருங்கேடு விளைவிக்காத நிலை
அ) பிரித்து வைத்தல் ஆ) அமைவாக்கம் இ) பதிவிறக்குதல் ஈ) பட்டியலைத் திருத்துதல்

குறுவினா

1. கணினி எழும் ஐந்து நிலைகள் யாவை?
2. “நகல் திறக்கிறது என்பதே சான்று” – இடம் சுட்டிப் பொருள் விளக்குக.

சிறுவினா

1. பாதியில் நின்ற புதுப்பிப்பைத் தொடர டிபிகேஜியின் பதிவேடு எவ்வாறு உதவுகிறது?
2. பழுதுற்ற கணினியில் செய்யலாகாதவற்றைக் காரணத்துடன் எழுதுக.

நெடுவினா

1. எழ மறுத்த கணினியை ஆசிரியை மீட்ட முறையைப் படிப்படியாக விளக்கி, அவர் அழித்து நிறுவும் வழியை ஏற்காமைக்குரிய காரணத்தைக் கட்டுரையாக்குக.

மொழியை ஆள்வோம்

1. இலக்கணக்குறிப்பு தருக: மறுத்த கணினி, எழாத கணினி, இடியும் மழையும்.
2. பகுபத உறுப்பிலக்கணம் தருக: நின்றது, மீட்ட.